26 இலைப் பந்தி: மார்ச் மாத பேஸ்பால் செய்தியைப் படிக்கும் முறை

மார்ச் மாதத்தில் எங்கள் ஊரில் யாராவது பேஸ்பால் ஸ்கோர் கேட்டால், ஆள் ஊருக்குப் புதுசு என்று தெரிந்துகொள்வோம். எங்கள் ஊர் என்றால் அரிசோனாவில் ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லர். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகின் 30 அணிகளில் 15 அணிகள் பிப்ரவரி நடுவில் மூட்டை முடிச்சோடு இந்தப் பக்கம் வந்து இறங்கும். மற்ற 15 ஃப்ளோரிடாவுக்குப் போகும். இங்கே நடப்பது காக்டஸ் லீக், அங்கே நடப்பது கிரேப்ஃப்ரூட் லீக். சீசனுக்கு முந்தைய ஸ்பிரிங் டிரெயினிங் என்ற இந்த ஆறு வாரப் பயிற்சிக் காலத்தில் யார் ஜெயித்தார்கள் என்பது எந்தக் கணக்கிலும் ஏறாது. ஏறுவது வேறு: யார் அணிக்குள், யார் வெளியே, யாருடைய முழங்கை போச்சு.

நான் விருதுநகர்க்காரி. ஆடிட்டர் ஆபீஸில் பேரேடு பார்த்துப் பழகியவள். இங்கேயும் ஒரு கம்பெனியில் கணக்கு வேலைதான். எனக்குப் பந்து பிடிக்கவும் தெரியாது, எறியவும் தெரியாது. மகனுக்குத் துணையாகப் போன இடத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. ஆபீஸ் ஃபேன்டஸி லீகில் (நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் காகிதத்தில் அணி கட்டும் போட்டி) இரண்டு தடவை முதலாவதாக வந்திருக்கிறேன். ஆட்டத்தைப் பார்த்து இல்லை, காகிதத்தைப் பார்த்து. அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னை இதில் தள்ளிவிட்டது 2015 மார்ச். மேசாவில் ஷிகாகோ கப்ஸ் அணியின் ஸ்லோன் பார்க். புல்தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தோம். கிரிஸ் பிரையன்ட் என்று ஒரு பையன் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பிக்கொண்டே இருந்தான். அந்த மாதம் முடிவதற்குள் 9 ஹோம் ரன், பேட்டிங் சராசரி .425, அதாவது பத்தில் நாலு தடவைக்கு மேல் வெற்றிகரமாக அடித்தான். ஸ்பிரிங் டிரெயினிங்கில் அவனைவிட அதிக ஹோம் ரன் அடித்தவர் அந்த வருடம் யாரும் இல்லை. சீசன் தொடங்கும்போது பார்த்தால் அவன் அணியில் இல்லை! ஃபீல்டிங் இன்னும் தேற வேண்டும் என்று சொல்லி, கீழ்மட்டமான மைனர் லீகுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏப்ரல் 17 அன்று மேலே அழைத்தார்கள். ஃபீல்டிங் அதற்குள் தேறிவிட்டதாம்.

மறுநாள் ஆபீஸில் ஒருவர் எனக்கு விளக்கியது இரண்டே எண்கள். ஓர் ஆட்டக்காரர் மேஜர் லீகில் 172 நாள் இருந்தால் அது ஒரு முழு வருட சர்வீஸ். அப்படி ஆறு வருடம் முடிந்தால் அவர் யாருக்கு வேண்டுமானாலும் விலை பேசிப் போகலாம். ஏப்ரல் 17-இல் அழைக்கப்பட்ட பிரையன்டுக்கு அந்த வருடம் விழுந்தது 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு. அதனால் 2020-க்குப் பிறகு கிடைக்க வேண்டிய விடுதலை 2021-க்குப் பிறகுதான் கிடைத்தது. அவர் முறையிட்டுப் பார்த்தார். 2020 தொடக்கத்தில் தீர்ப்பு அணிப் பக்கமே வந்தது. எனக்கு அன்றைக்கு ஒன்று விளங்கியது. இது எங்கள் தொழில். நிதியாண்டு முடிகிற தேதியை வைத்துக் கணக்கை நகர்த்துகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு முழு வெள்ளைத்தாள், ஒரு பென்சில், ஓர் அழிரப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். பேனா வேண்டாம்.

முதலில் இலைகளை எண்ணுங்கள்

சீசன் தொடங்கும் நாளில் ஓர் அணிக்கு 26 இலைதான், அதாவது 26 ஆட்டக்காரருக்குத்தான் இடம். 2020-க்கு முன்னால் 25. அதில் பந்து வீசும் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் கூடாது. ஆகவே கிட்டத்தட்ட எல்லா அணியும் 13 பிட்சர், 13 பேட்டர் என்று போகும். பிட்சர்களில் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டர்கள் 5, பின்னால் வரும் ரிலீவர்கள் 8. பேட்டர்களில் முதல் வரிசை 9, பெஞ்ச் 4; அந்த நாலில் ஒருவர் கண்டிப்பாக இரண்டாவது கேட்சர் (பிட்சர் வீசும் பந்தைப் பிடிப்பவர்). தாளில் 26 கோடு போட்டு, சந்தேகமே இல்லாத பெயர்களை முதலில் எழுதுங்கள். பெரிய சம்பளம், நீண்ட ஒப்பந்தம், போன வருட ஸ்டார்ட்டர், இவர்களை எழுதி முடித்தால் 22, 23 கோடு நிரம்பிவிடும். முகாமில் 60 பேருக்கு மேல் இருப்பார்கள். ஆனால் உண்மையான போட்டி மிச்சமிருக்கும் மூன்று நாலு இலைக்குத்தான். மார்ச் மாதச் செய்தி முழுக்க அந்த மூன்று நாலைப் பற்றியது. மற்றதெல்லாம் பக்கம் நிரப்ப எழுதுவது.

26-க்கு வெளியே இன்னொரு வட்டம் இருக்கிறது: 40-மேன் ரோஸ்டர், அதாவது 40 பேர் பட்டியல். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்து அழைத்த உறவு மாதிரி. இந்த 40-இல் பெயர் இருந்தால்தான் 26-இல் உட்கார முடியும். அப்படியானால் முகாமில் உள்ள மற்றவர்கள்? அவர்களை நான்-ரோஸ்டர் இன்வைட்டி, பட்டியலில் இல்லாமல் அழைக்கப்பட்டவர், என்பார்கள். சுருக்கமாக என்.ஆர்.ஐ. சத்தியமாக அதுதான் பெயர். முதல் தடவை அதைப் படித்தபோது நானும் என்.ஆர்.ஐ., அவரும் என்.ஆர்.ஐ. என்று சிரித்துவிட்டேன். நிலைமையும் ஒன்றுதான்: உள்ளே இருக்கலாம், விசா வேறு.

இந்த வித்தியாசம் தெரிந்தால் ஆட்டக்காரர்களைக் கழிக்கும் செய்தி உங்களுக்கு வேறு மாதிரி படும். ஒருவரை ‘ஆப்ஷன்’ செய்தார்கள் என்று வந்தால் அவர் 40-க்குள் இருப்பவர், கீழே போய் வருவார். ‘மைனர் லீக் முகாமுக்கு மாற்றினார்கள்’ என்று வந்தால் அவர் என்.ஆர்.ஐ. இரண்டையும் ஒரே மூச்சில் ‘அணியிலிருந்து நீக்கம்’ என்று எழுதுகிறார்கள், தப்பு. பிரையன்டுக்கு நடந்தது இரண்டாவது வகை; அன்றைக்கு அவர் 40-இலேயே இல்லை.

என்.ஆர்.ஐ. ஒருவர் அணியில் சேர வேண்டுமானால் 40-இல் ஒரு பெயரை எடுக்க வேண்டும். எடுக்கப்படுபவரை வேறு அணி கொத்திக்கொண்டு போகலாம். ஆகவே இரண்டு பேர் சரிசமமாக ஆடினால் இலை கிடைப்பது ஏற்கெனவே 40-இல் உள்ளவருக்கு. என்.ஆர்.ஐ. சமமாக ஆடினால் போதாது, கண்ணை உறுத்தும் அளவுக்குக் கூடுதலாக ஆட வேண்டும்.

யாரைக் கீழே அனுப்ப முடியாது?

இதுதான் கேள்வி. யார் நன்றாக ஆடுகிறார் என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள்.

40-இல் உள்ள ஆட்டக்காரரை மைனர் லீகுக்கு அனுப்பித் திரும்ப எடுக்க அணிக்கு வழக்கமாக மூன்று வருடத்துக்கு உரிமை உண்டு. அதற்குப் பெயர்தான் ஆப்ஷன். ஒரு வருடத்தில் இரண்டு தடவை அனுப்பினாலும் நாலு தடவை அனுப்பினாலும் கழிவது ஓர் ஆப்ஷன்தான். அணிகளும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2022 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரு சீசனில் ஐந்து தடவைக்கு மேல் அனுப்பக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. மூன்றும் தீர்ந்துவிட்டவரை ‘அவுட் ஆஃப் ஆப்ஷன்ஸ்’ என்பார்கள். அவரைக் கீழே அனுப்ப நினைத்தால் முதலில் வேய்வரில் விட வேண்டும். அதாவது மற்ற 29 அணிகளிடமும் வேண்டுமா என்று கேட்க வேண்டும். எவராவது கை தூக்கினால் ஆள் போச்சு.

இப்போது எட்டாவது ரிலீவர் இடத்துக்கு இரண்டு பேர் என்று வையுங்கள். ஒருவன் 24 வயது, மணிக்கு 98 மைலில் வீசுகிறான், மார்ச் முழுக்க ஒரு ரன் கொடுக்கவில்லை, இரண்டு ஆப்ஷன் மிச்சம். இன்னொருவர் 29 வயது, சுமார்தான், ஆப்ஷன் இல்லை. சீசன் முதல் நாளில் யார் இருப்பார்? 29. பையனை அனுப்பினால் ஒரு போன் தூரத்தில் இருக்கிறான். பெரியவரை விட்டால் கைவிட்டுப் போகும். கணக்குப் பார்க்கிறவளாகச் சொல்கிறேன், நானும் அதையேதான் செய்வேன். மகனுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. “நல்லா ஆடினவனுக்குத்தானேம்மா இடம் குடுக்கணும்?” என்று பத்து வயதில் கேட்டான். இப்போதும் கேட்கிறான்.

யாருக்கு எத்தனை ஆப்ஷன் என்று எங்கே பார்ப்பது? ஃபேன்கிராஃப்ஸ் தளத்தில் ரோஸ்டர் ரிசோர்ஸ் என்று ஒரு பகுதி உண்டு. அணி வாரியாகப் பெயருக்கு நேரே போட்டிருப்பார்கள். தாளில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 0, 1, 2 என்று குறித்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்தைச் சுற்றி வட்டம் போடுங்கள். வட்டம் போட்ட பெயர்களை முதலில் உட்காரவைத்துவிட்டு மிச்சத்தை யோசியுங்கள். பாதி விடை அங்கேயே வந்துவிடும்.

ரூல் 5 என்று ஒரு தனிப்பிரிவு இருக்கிறது. டிசம்பரில் இன்னோர் அணியின் 40-இல் இல்லாத ஆட்டக்காரரை ஒரு லட்சம் டாலர் கட்டி எடுத்து வரலாம். நிபந்தனை, சீசன் முழுக்க 26-இல் வைத்திருக்க வேண்டும். முடியாது என்றால் வேய்வரில் விட்டு, பழைய அணிக்குப் பாதி விலையில் திருப்பிக் கேட்க வேண்டும். இப்படி வந்தவர்களுக்கும் ஒரு வட்டம் போடுங்கள். ரொம்பச் சாதாரண ஆட்களாக இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். பின்னாளில் ஜாம்பவான் ஆன ரொபர்டோ கிளமென்டேயை 1954-இல் டாட்ஜர்ஸிடமிருந்து பிட்ஸ்பர்க் இந்த வழியில்தான் எடுத்தது.

அனுபவசாலிகள் பலர் மைனர் லீக் ஒப்பந்தத்தில் வந்திருப்பார்கள். அவர்களில் ஒரு சாராருக்கு, சீசனுக்கு ஐந்து நாள் இருக்கும்போது இடம் தருகிறாயா கிளம்பட்டுமா என்று கேட்க உரிமை உண்டு. மார்ச் கடைசி வாரத்தில் திடீரென்று செய்திகள் கொட்டுவதற்கு ஒரு காரணம் அதுதான். அந்த வாரத்தில் நான் ஆபீஸில் மதியச் சாப்பாட்டை மேஜையிலேயே முடித்துக்கொள்வேன்.

பிரையன்ட் மாதிரி இளவட்டங்கள் விஷயத்தில் 2022 ஒப்பந்தம் காற்றைக் கொஞ்சம் திருப்பிவிட்டது. பெயர் பெற்ற புதுமுகத்தைச் சீசன் முதலிலேயே அணியில் வைத்து, அவர் சிறந்த புதுமுக விருது வாங்கினால் அணிக்குக் கூடுதலாக ஒரு டிராஃப்ட் வாய்ப்பு (புது இளைஞர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட்). 2022-இல் சியாட்டில் ஹூலியோ ரொட்ரிகெஸை முதல் நாளே இறக்கியது. விருதும் வந்தது, வாய்ப்பும் வந்தது. அடுத்த வருடம் அரிசோனா அணிக்கு கார்பின் கேரலால் அதே மாதிரி. ஆகவே ஏப்ரல் நடுவில்தான் கூப்பிடுவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். இளைஞன் எங்கே நிற்கிறான் என்று பாருங்கள்.

எங்கே நிற்கிறான் என்பதை நான் சும்மா சொல்லவில்லை. 2024 பிப்ரவரியில் பியோரியாவில் சான் டியாகோ முகாம். அவர்கள் சோட்டோ, கிரிஷம் இருவரையும் நியூயார்க்குக்குக் கொடுத்துவிட்டதால், மைதானத்தின் வெளிப்பகுதியான அவுட்ஃபீல்டில் இரண்டு இலை காலி. ஜாக்சன் மெரில் என்ற 20 வயதுப் பையன், பிறவி ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்பவன்), மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழே உள்ள டபுள்-ஏ மட்டத்துக்கு மேல் ஆடியதே இல்லை. அவன் சென்டர் ஃபீல்டில், அவுட்ஃபீல்டின் நடுவில், உயரப் பந்து பிடித்துப் பழகிக்கொண்டிருந்தான். தெரியாத இடத்தில் ஒருவனைப் பழக்குகிறார்கள் என்றால் அங்கே அவனுக்கு இலை போடப்போகிறார்கள் என்று அர்த்தம். சியோலில் நடந்த சீசனின் முதல் ஆட்டத்தில் அவன் சென்டர் ஃபீல்டில் நின்றான்.

எண்கள் எப்படி ஏமாற்றும்

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அரிசோனாக் காற்று காய்ந்தது, லேசானது. பந்து கூடுதலாகப் பறக்கும், வளைகிற பந்து சரியாக வளையாது. ஃப்ளோரிடாவில் அடித்த ஐந்து ஹோம் ரன்னும் இங்கே அடித்த ஐந்தும் ஒன்றில்லை. ஆறாவது இன்னிங்ஸுக்குப் பிறகு 80, 90 என்று சட்டை எண் போட்ட பிள்ளைகள் வருவார்கள். அவர்களை அடித்ததும் அதே கணக்கில் சேர்ந்துவிடும். எதிராளி எந்த மட்டம் என்று பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளம் ஒரு மதிப்பெண் தருகிறது, அதையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்டார்ட்டர் ஒருவர் அடி வாங்கினால், புதுப் பந்து ஒன்றைப் பழகுவதற்காக வேண்டுமென்றே அதையே வீசிக்கொண்டிருந்திருக்கலாம்.

2018-இல் எங்கள் வீட்டிலிருந்து பக்கத்திலேயே, டெம்பி டையப்லோ மைதானத்தில், ஷோஹெய் ஒஹ்டானி முதன்முதலாக ஒரு மேஜர் லீக் அணிக்காக ஆடினார். 32 தடவை அடித்து 4 ஹிட். பந்து வீசிய இரண்டு காக்டஸ் லீக் ஆட்டத்தில் ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன்) 27.00. “இந்தப் பையன் தேறமாட்டான், மைனர் லீகுக்கு அனுப்பினால் நல்லது” என்று வீட்டில் நான் அடித்துச் சொன்னேன். அந்த வருடம் சிறந்த புதுமுகம் அவர்தான். மகன் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவான். நான் காகிதத்தை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொண்ட ஒரே வருடம் அது.

காயச் செய்தி: மூன்றாவது வரி வரும்வரை பொறுங்கள்

இனிதான் முக்கியமான பகுதி. ரோஸ்டர் கணக்கை எவ்வளவு அழகாகப் போட்டாலும் ஒரு முழங்கை எல்லாவற்றையும் அழித்துவிடும்.

காயச் செய்தி தவணை தவணையாக வரும். முதல் தவணையில் எல்லாமே சின்ன விஷயம்: இறுக்கமாக இருக்கிறது, லேசான வலி, முன்னெச்சரிக்கைக்காக நிறுத்திவைத்திருக்கிறோம். இதை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். இரண்டாவது தவணை, ஸ்கேன் எடுக்கிறார்கள். மூன்றாவது தவணைதான் சேதி சொல்லும். எலும்பு, நார் எதற்கும் சேதமில்லை என்று வந்தால் மூச்சு விடலாம். ‘செகண்ட் ஒப்பினியன்’ கேட்கப் போகிறார், வேறு டாக்டரைப் பார்க்க விமானம் ஏறியிருக்கிறார் என்று வந்தால் தாளில் அந்தப் பெயரை அழித்துவிடுங்கள். நல்ல சேதிக்கு யாரும் இரண்டாவது டாக்டரைத் தேடிப் போகமாட்டார்கள். இது எங்கள் வீட்டுக்கும் பொருந்தும்.

ஆனால் அழித்த பெயரும் சில நேரம் திரும்பி வரும், அதனால்தான் பென்சில். கெரிட் கோலைப் பாருங்கள். 2023-இல் மேஜர் லீகின் ஒரு பாதியான அமெரிக்கன் லீகில் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதுக்காரர், நியூயார்க் யாங்கீஸின் முதல் பிட்சர். 2024 மார்ச்சில் முழங்கை வலி, ஸ்கேன், லாஸ் ஏஞ்சலஸ் டாக்டர். எல்லாரும் முடிந்தது என்றார்கள். அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. ஜூன் 19 அன்று திரும்பினார். 2025 மார்ச்சில் அதே முழங்கை, அதே மாதிரித் தவணைகள். இந்தத் தடவை மார்ச் 11 அன்று அறுவை சிகிச்சை, அந்த வருடம் முழுக்கப் போச்சு. முதல் இரண்டு தவணையை மட்டும் படித்திருந்தால் இரண்டு வருடத்துக்கும் வித்தியாசமே தெரிந்திருக்காது.

சொற்களை அப்படியே தமிழில் மாற்றிப் புரிந்துகொள்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஸ்பிரெயின் என்றால் அகராதியில் சுளுக்கு. விருதுநகரில் சுளுக்கு என்றால் எண்ணெய் போட்டு நீவிவிடுவார்கள், மறுநாள் சரியாகிவிடும். இங்கே முழங்கையில் ‘லிகமென்ட் ஸ்பிரெயின்’ என்றால், எலும்பையும் எலும்பையும் கட்டியிருக்கும் நார் இழுபட்டோ கிழிந்தோ இருக்கிறது என்று அர்த்தம். ஸ்ட்ரெயின் என்றால் இழுபட்டதோ கிழிந்ததோ தசை அல்லது தசையை எலும்போடு இணைக்கும் நாண். இரண்டுக்கும் தரம் போடுவார்கள்: ஒன்று என்றால் இழுபட்டது, இரண்டு என்றால் பாதி கிழிந்தது, மூன்று என்றால் முழுக்க. தரம் சொல்லாமல் மழுப்பினால் நான் இரண்டு என்று எடுத்துக்கொள்வேன்.

பிட்சரின் முன்கையில் இறுக்கம் என்று வந்தால் மட்டும் முதல் தவணையிலேயே உஷாராகிவிடுங்கள். முன்கைத் தசைதான் முழங்கை நாருக்கு முட்டுக்கொடுக்கிறது. நார் தளரும்போது பாரத்தைத் தசை சுமக்கும், வலி அங்கே தெரியும். அந்த நாரை மாற்றுகிற அறுவை சிகிச்சையைத்தான் டாமி ஜான் என்கிறார்கள். 1974-இல் டாட்ஜர்ஸ் பிட்சர் டாமி ஜானுக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாகச் செய்தது. வலது கையிலிருந்து ஒரு நாணை எடுத்து இடது முழங்கையில் வைத்துக் கட்டினார். 1976-இல் திரும்பி வந்தவர், அதற்குப் பிறகு மட்டும் 164 ஆட்டம் ஜெயித்தார். இன்றைக்கும் பிட்சருக்கு அது 12 முதல் 18 மாத விஷயம். மார்ச்சில் செய்தால் இந்த சீசனும் போகும், அடுத்த சீசன் தொடக்கமும் சந்தேகம்.

பேட்டர்களிடம் மூன்று சொல்லைக் கவனியுங்கள். விலாப்பக்கத்து ஆப்ளிக் தசை: பேட்டைச் சுழற்றும்போது போவது, தும்மினாலும் வலிக்கும், ஒரு மாதமோ கூடவோ இழுக்கும், அவசரப்பட்டால் திரும்பவும் போகும். ஹேமேட்: உள்ளங்கையின் அடியில் ஒரு குட்டி எலும்பு, பேட்டின் பிடி அழுத்தி அழுத்தி உடையும், நாலிலிருந்து எட்டு வாரம். முழங்காலின் ஏ.சி.எல். என்ற நார்: சீசன் முடிந்தது, வேறு பேச்சில்லை.

அந்த மூன்றாவதை நான் நேரில் பார்த்தேன். 2023 பிப்ரவரி 27, பியோரியா. டாட்ஜர்ஸ் அணி டிரே டர்னரைப் போகவிட்டு, ஷார்ட்ஸ்டாப் இடத்தை கேவின் லக்ஸிடம் கொடுத்திருந்தது. இரண்டாவது பேஸிலிருந்து மூன்றாவதுக்கு ஓடும்போது வலது கால் மடிந்து விழுந்தார். அவ்வளவு பெரிய மைதானத்தில் பேச்சு மூச்சில்லை. வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஒரு சீசன் முழுக்க, கணக்கிலேயே வராத ஓர் ஆட்டத்துக்காக. ஆபீஸ் லீகில் நான் அவரை முந்தின வாரம்தான் எடுத்திருந்தேன், ஆனால் அன்றைக்கு அது நினைவுக்கே வரவில்லை.

வீட்டுக்கு வந்து தாளைப் பார்த்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. டாட்ஜர்ஸ் ஜனவரியிலேயே மயாமியிடமிருந்து மிகெல் ரொஹாஸை வாங்கி வைத்திருந்தது. முப்பதைத் தாண்டியவர், கை சுத்தம், பேட்டிங் சுமார். எதற்கு இவர் என்று நான் யோசிக்கவே இல்லை. காயம் பட்டவரைப் பற்றிப் படித்து முடித்ததும் உடனே அணியின் ஜனவரிக் கொள்முதலைப் பாருங்கள். அணிக்காரர்கள் எதைக் கண்டு பயந்தார்கள் என்பது அதில் எழுதியிருக்கும்.

ஒரு முழங்கையோடு அணியே முடிந்தது என்று ஒப்பாரி வைக்கவும் வேண்டாம். 2011 பிப்ரவரியில் செயின்ட் லூயிஸ் தன் பெரிய பிட்சர் ஆடம் வெயின்ரைட்டை இப்படித்தான் இழந்தது. அந்த வருட உலகத் தொடரை ஜெயித்தது அந்த அணிதான்.

காயப் பட்டியல் என்கிற கணக்குப் புத்தகம்

2018 வரை டிசேபிள்டு லிஸ்ட் என்றிருந்தது, இப்போது இன்ஜுர்டு லிஸ்ட். பேட்டர் என்றால் குறைந்தது 10 நாள், பிட்சர் என்றால் 15. தலையில் அடிபட்டால் 7. பெரிய காயத்துக்கு 60. சீசன் தொடக்கத்தில் பட்டியலில் போடும்போது மூன்று நாள் வரை முன்தேதி போடலாம். ஆடிட்டில் முன்தேதி போட்டால் எங்களை உள்ளே தள்ளுவார்கள்; இங்கே அது விதியே. ஆக முதல் நாள் 15 நாள் பட்டியலில் போன பிட்சர் உண்மையில் 12 நாளில் வந்துவிடலாம். ஏப்ரல் தொடக்கத்தில் ஓய்வு நாட்கள் இருப்பதால் ஐந்தாவது ஸ்டார்ட்டர் அதுவரை தேவைப்படாமலே போகலாம். அந்த இடத்துக்காரருக்கு மார்ச் 25 வாக்கில் லேசான தோள் வலி வந்தால் நான் புருவத்தை உயர்த்துவேன், அவ்வளவுதான், பொய் என்று சொல்லமாட்டேன்.

60 நாள் பட்டியலுக்கு ஒரு தனிக்குணம்: அதில் போனவர் 40-மேன் ரோஸ்டரில் இடம் அடைக்கமாட்டார். அதனால் பிப்ரவரியிலேயே ஒருவரை 60-இல் போட்டால் காயத்தைப் பற்றி மட்டும் யோசிக்காதீர்கள், அந்த இடம் யாருக்கு என்று கேளுங்கள். புது ஆள் கையெழுத்துப் போட்டிருப்பார், அல்லது ஒரு என்.ஆர்.ஐ.க்கு விசா தயாராகிறது. முன்னாலேயே போட்டாலும் 60 நாள் எண்ணிக்கை சீசன் தொடங்கிய பிறகுதான் ஓடும். ஆகவே மே கடைசிக்கு முன் அவர் வரமாட்டார்.

காயம் ஆறினாலும் பிட்சருக்கு நாட்காட்டி தனி. ஸ்டார்ட்டர் பிப்ரவரி கடைசியில் ஓர் இன்னிங்ஸ், இரண்டு இன்னிங்ஸ் என்று தொடங்கி, ஐந்து நாளுக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டே போய், மார்ச் கடைசியில் ஐந்து, ஆறு இன்னிங்ஸுக்கு வருவார். நடுவில் பத்து நாள் நின்றால் ஏறக்குறைய முதலிலிருந்து ஏற வேண்டும். மார்ச் 12-இல் ஒருவர் வீசுவதை நிறுத்தினார் என்றால், 22-இல் பூரண குணம் என்று எழுதினாலும், முதல் வாரத்தில் அவரை எதிர்பார்க்காதீர்கள். நிறுத்திய தேதியைத் தாளில் குறிப்பது இதற்காகத்தான். வேகமானியையும் பாருங்கள். முதல் இரண்டு ஆட்டத்தில் வேகம் குறைவாக இருப்பது சகஜம். மூன்றாவதில் இரண்டாவதைவிடக் குறைந்தால் சகஜமில்லை.

மார்ச் கடைசியில் அணிகள் கிளம்பிப் போனதும் ஊர் வெறிச்சோடிவிடும். அங்காடி வாசலில் தொப்பி விற்றவர்கள் காணாமல் போவார்கள். காயம் பட்டவர்கள் மட்டும் இங்கேயே முகாமில் தங்கித் தேறுவார்கள். பின்பக்க மைதானங்களில் வெயில் ஏறுவதற்கு முன்னால் போனால் சில இடங்களில் வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். நான் ஃபிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு போவேன். தூரத்தை எண்ணுங்கள். இரண்டு பேர் 60 அடியில் நின்று எறிந்தால் இன்னும் வெகுநாள். 120 அடி என்றால் பரவாயில்லை. பிட்சர் நின்று வீசும் மேட்டில் ஏறி கேட்சரைப் பார்த்து வீசினால் அடுத்தது பேட்டர் எதிரே. அதற்கும் பிறகு ‘ரீஹேப் அசைன்மென்ட்’ என்று மைனர் லீக் அணியில் ஆட அனுப்புவார்கள். அது தொடங்கிய நாளிலிருந்து பேட்டருக்கு 20 நாள், பிட்சருக்கு 30 நாள் உச்சவரம்பு. அந்தத் தேதியைத் தாளில் எழுதிவிடுங்கள். அதற்குள் 26-இல் இன்னொரு பெயரை அழித்தாக வேண்டும், வட்டம் போடாத பெயர்களில் ஒன்றை. என் தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தில் தொங்குகிறது. கீழே, மகனின் கையெழுத்தில், “ஒஹ்டானி: தேறமாட்டான் – அம்மா, 2018.”